பத்தாவது தென்னை

என்னிடம் மிச்சமிருந்த ஒரே டிரைவர் போன புரட்டாசியில், காவிரியின் கிளையான பாமணியாற்றோடு போனது. ஆறு கொண்டுபோனது என்று சொன்னால் அது ஆற்றின் மேல் பழி போடுவது. நான்தான் வீசினேன். கரையோரத் தென்னந்தோப்பில் நின்று கிழக்கே பார்த்து வீசிய தட்டு வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமே சாய்ந்து, சம்பா நடவுக்காகக் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் இறங்கியது. மிதந்து வரும், படித்துறையில் மறித்துப் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை மிதக்காது என்பது படித்துறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து, "டிரைவர் ஆத்தோட போயிட்டுது" என்றேன். திண்ணையில் படுத்திருந்த சித்தப்பா பதறி எழுந்தார். "யாருடா? நம்ம டிராக்டர் ஓட்டுற பயலா?"

டிஸ்க் கோல்ஃப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது என்பதால் இங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, மட்டைக்குப் பதில் நம் கை, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடைக்குள் போட வேண்டும். வேலைக்காக இரண்டு வருஷம் வட கரோலினாவின் சார்லட் நகரில் இருந்தபோது பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. அங்கே பூங்காக் காடுகளுக்குள் இதற்கென்றே மைதானங்கள் உண்டு, பலவற்றில் காசும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது பெட்டியில் ஏழு தட்டுகள் கொண்டுவந்தேன். தூர வீச்சுக்கான டிரைவர் நாலு, பக்க வீச்சுக்கான புட்டர் மூன்று.

டிரைவர்கள் போன கதை சுருக்கமானது. இரண்டு ஆற்றில். ஒன்று தென்னை மட்டை இடுக்கில் சிக்கி, அடுத்த வெட்டுக்கு மரம் ஏறியவர் கையில் அரிவாள் வெட்டோடு திரும்பிவந்தது. நாலாவதைச் சித்தி தண்ணீர்ப் பானைக்கு மூடியாக்கிவிட்டார். "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குடா, இதப் போய் வெளியில வீசுறியே" என்றார். கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.

ஆக மூன்று புட்டர்கள். இனி தூரமோ பக்கமோ, எதற்கும் அதுதான்.

புட்டர் என்பது கூடைக்குப் பக்கத்தில் போன பிறகு, சங்கிலியைப் பார்த்து மெதுவாகப் போடுவதற்கான தட்டு. டிரைவரின் விளிம்பு சுமார் 2 செ.மீ. அகலமாக, கத்தி மாதிரி சீவியிருக்கும்; காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். புட்டரின் விளிம்பு ஏறக்குறைய 1 செ.மீ. மழுங்கலாக, சட்டி மூடி மாதிரி ஆழமாக இருக்கும். வேகம் குறைவு. ஆனால் மெதுவாகப் போனாலும் காற்றில் நிற்கும், நேராகப் போகும். இதை வைத்து முதல் வீச்சையே, அதாவது தூர வீச்சையே வீசுவதுதான் நான் சொல்ல வந்த விஷயம். தெரிந்த ஆட்டக்காரர்கள் நெருக்கமான காட்டுப் பாதைகளில் வேண்டுமென்றே இதைச் செய்வார்கள். நான் வேறு வழியில்லாமல் செய்தேன்.

யோசித்தால் இது புதுசும் இல்லை. சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்த எட் ஹெட்ரிக், 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் மைதானத்தை அமைத்தபோது, டிரைவர் என்று ஒரு சாதியே கிடையாது. எல்லாமே மழுங்கல் விளிம்புதான். 1983-ல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சீவிக் கூராக்கிய பிறகுதான் தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று பிரிந்தது. ஹெட்ரிக் 2002-ல் இறந்தபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். நாம் காவிரியில் கரைக்கிறோம், அவர் பறக்கப் போய்விட்டார். என் டிரைவர்களைக் கணக்கில் எடுத்தால், பறக்கப் போனதும் கடைசியில் காவிரியில்தான் கரைகிறது.

என் மைதானம் சித்தப்பாவின் தோப்பு. ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, பெயர் வேண்டாம். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் தோப்பில் பாதியைச் சாய்த்துவிட்டது. அந்த இடத்தில் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. வடக்கோரம் இரண்டு வரிசை மட்டும் எப்படியோ தப்பி நிற்கிறது. மரத்துக்கு மரம் 25 அடி, வரிசைக்கு வரிசை 25 அடி. அந்த இரண்டு வரிசைக்கு நடுவே கிழக்கு மேற்காக ஓடும் சந்துதான் எனக்குக் கிடைத்தது. அளவு நாடாவே வேண்டாம். முதல் மரத்தடியில் நின்று வீசினால், ஐந்தாவது மரம் 100 அடி, ஒன்பதாவது 200 அடி, பத்தாவது 225 அடி, அதாவது கிட்டத்தட்ட 69 மீட்டர். பெரிய ஆட்டக்காரர்கள் புட்டரையே 300 அடிக்கு மேல் வீசுவார்கள். எனக்குப் பத்தாவது தென்னை போதும் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் ஐந்தாவது தென்னையைக்கூடத் தாண்டவில்லை. எல்லா வீச்சும் கிளம்பியதும் வலப்பக்கம் கவிழ்ந்து, வாய்க்கால் ஓர வாழைக்குள் போய்ப் படுத்தது.

கொஞ்ச நேரம் தட்டின் மேல் சந்தேகம். அப்புறம்தான் புரிந்தது. வலது கைக்காரன் புறங்கை முன்னால் வர வீசினால் தட்டு, மேலிருந்து பார்க்க, கடிகார முள் போலச் சுற்றும். அப்படிச் சுற்றும் தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். டிரைவரில் இந்தச் சாய்வு அதிகம். அதற்குத் தேவையான வேகம் என் கையில் இல்லாததால் என் டிரைவர்கள் சீக்கிரமே சாய ஆரம்பித்துவிடும். அதைச் சரிக்கட்ட, எனக்கே தெரியாமல், இரண்டு வருஷமாகத் தட்டின் வெளி ஓரத்தைத் தூக்கி, வலப்பக்கம் குறி வைத்து வீசிக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பை இன்னொரு தப்பால் சமன் செய்து, விடை மட்டும் சரியாக வந்துகொண்டிருந்தது. புட்டருக்கு அந்த இடச்சாய்வு மிகக் குறைவு. தூக்கிய ஓரம் தூக்கியபடியே போய் வலப்பக்கம் கவிழ்ந்தது. நான் கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்தது, அவ்வளவுதான்.

ஏன் சாய்கிறது என்பதற்குப் பம்பரம்தான் நல்ல பாடம். நன்றாகச் சுற்றும் பம்பரத்தின் தலையை ஒரு பக்கம் தள்ளினால், அது அந்தப் பக்கம் போகாது. கால் வட்டம் தள்ளி வேறு பக்கம் சாயும். தட்டும் அப்படியே. காற்று அதன் முன்பாதியைத் தூக்கப் பார்த்தால் தட்டு முன்னால் எழாது, இடப்பக்கம் சாயும். முன்பாதியை அமுக்கப் பார்த்தால் வலப்பக்கம் சாயும். வேகமாகப் போகும்போது அமுக்கல், வேகம் தளரும்போது தூக்கல். தட்டு முதலில் வலம் போய், கடைசியில் இடம் வருவதன் ரகசியம் இதுதான். சுற்று எவ்வளவு பலமோ, இந்த ஆட்டம் அவ்வளவு குறையும். அந்தச் சுற்று எங்கிருந்து வருகிறது? தோளிலிருந்து இல்லை. கடைசி நொடியில் தட்டை விடாமல் பிடித்திருக்கும் விரலிலிருந்து.

அதனால் பிடிக்கு வந்தேன். மார்கழி, தை இரண்டு மாசமும் பிடியிலேயே போயிற்று.

முதலில் டிரைவரைப் பிடிக்கும் பிடியையே பிடித்தேன். நாலு விரலையும் அடியில் மடக்கி, விரல் நுனிகளை விளிம்பின் உள்சுவரில் பதித்து, மேலே கட்டைவிரலை அழுத்துவது. டிரைவரில் இது அருமையாக உட்காரும். அகலமான விளிம்பு உள்ளங்கைக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் இடத்தை நிரப்பிவிடும். புட்டரில் நிரப்ப ஒன்றுமில்லை. விரல் தேவைக்கு மேல் மடங்கி, நகம் தட்டின் அடிவயிற்றைக் கீறும். பிடிப்பது விரல் நுனியின் சதை இல்லை, விரல் கணு. கணுவால் பிடித்ததைச் சமயத்தில் விட முடியாது. தட்டு கையில் சிக்கி, இமைக்கும் நேரத்தில் பாதி தாமதித்துப் போகும். வலது கைக்காரனுக்கு அந்தத் தாமதம் என்பது வலப்பக்கம். அங்கே பக்கத்துக் கொல்லைக்காரரின் மோட்டார் கொட்டகை, தகரக் கூரை. மூன்று முறை அடித்தேன். மூன்றாவது முறை உள்ளே ஆள் இருந்தார்.

சரி, எதிர்ப்பக்கம் போவோம் என்று, கூடைக்குப் பக்கத்தில் போடும்போது பிடிக்கும் விசிறிப் பிடிக்கு மாறினேன். ஆள்காட்டி விரல் விளிம்போரம், மற்ற மூன்றும் தட்டின் அடியில் விசிறி மாதிரி விரிந்து தாங்கும். மென்மையான பிடி. தட்டின் சாய்வு எல்லாம் விரலுக்குத் தெரியும். ஆறாவது மரம் வரை கோடு போட்ட மாதிரி போயிற்று. அதற்கு மேல் பலம் கொடுத்ததும், பிடிமானம் போதாமல் முன்கூட்டியே நழுவி இடப்பக்கம், ஆற்றைப் பார்த்து. ஆற்றங்கரை நாணல் காப்பாற்றியது.

கடைசியில் நின்றது இரண்டுக்கும் நடுவில். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்சுவரில் கொக்கி மாதிரி மாட்டும். மோதிர விரல் பாதி மடங்கி அடியில் தாங்கும். சுண்டுவிரல் திரும்பவும் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அதற்கு வேலை அதிகமில்லை. கட்டைவிரலை நான் முன்பெல்லாம் தட்டின் நடுவைப் பார்த்து நீட்டுவேன். இப்போது விளிம்போரமாகவே, ஆள்காட்டி விரலுக்கு நேர் மேலே வைக்கிறேன். இந்த ஒரு மாற்றத்துக்கே ஒரு மரம் கூடியது. என் மூன்று புட்டரில் ஒன்று தலை மேடானது, ஒன்று தட்டை, இன்னொன்று இரண்டுக்கும் நடுவே. மேட்டுத் தலையில் கட்டைவிரல் சறுக்குகிறது. தூர வீச்சுக்குத் தட்டையானதைத்தான் எடுக்கிறேன். சில புட்டர்களில் விளிம்பின் அடியில் சின்ன வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடும். அது விரலுக்கு நல்லது என்பவர்களும் உண்டு, எனக்கு உறுத்தியது.

விளிம்பு உள்ளங்கையில் எங்கே உட்கார வேண்டும் என்பதை யாரும் சரியாகச் சொல்லித் தந்ததில்லை. ஆள்காட்டி விரல் அடியிலிருந்து மணிக்கட்டைப் பார்த்துக் குறுக்கே ஓடும் ரேகைப் பள்ளத்தில் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தால் தட்டு முழங்கையிலிருந்து கிளம்பும் கோட்டிலேயே நீண்டு நிற்கும். விரல் பக்கம் தள்ளி உட்கார்ந்தால் தட்டு தொங்கும்; கட்டைவிரல் மேட்டில் முட்டி நின்றால் தட்டின் முன் ஓரம் தூக்கும்.

அழுத்தம் எவ்வளவு? இதற்குச் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். எட்டாவது படிக்கிறான். நான் தட்டைப் பிடித்துக்கொள்ள, அவன் எதிரே நின்று இழுக்க வேண்டும்.

"அண்ணே, லேசா வந்துட்டுது."

"இப்ப?"

"இப்பவும் வருது. நீங்க சுண்டுவிரலத்தான் இறுக்குறீங்க."

அவன் சொன்னது சரி. தட்டைக் கடைசியாக விடுவது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். இறுக்கம் அங்கே இருக்க வேண்டும். நான் எதிர்ப் பக்கத்தில் செலவழித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு விரலுக்குள் மட்டும், ஆட்டுக்குட்டியின் காதைப் பிடிப்பது மாதிரி பிடித்துப் பார்த்தேன். கத்தவும் கூடாது, ஓடவும் கூடாது. அவனால் இழுக்க முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த இறுக்கத்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் முழங்கை, தோள், கழுத்து எல்லாம் விறைத்துப்போகும். பின்னால் கொண்டுபோகும்போது தட்டு விழாத அளவுக்குப் பிடித்தால் போதும். மார்பைத் தாண்டும்போதுதான் விரல் இறுக வேண்டும். சொல்வது சுலபம். எனக்கு இன்னமும் பத்தில் நாலு முறை முன்கூட்டியே இறுகிவிடுகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு அந்தப் பையன் தட்டை வாங்கி, நான் கைவிட்ட நாலு விரல் பிடியை அப்படியே பிடித்து, ஆறாவது மரம் வரை நேராக வீசினான். அவன் விரல் குட்டை. விளிம்புக்குள் அளவாக அடங்கிவிடுகிறது. ஆகவே மேலே நான் எழுதியது நீள விரல்காரன் சமாசாரம். உங்கள் கையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிடி ஓரளவு நின்றதும் அடுத்த தொல்லை மூக்கு. தட்டின் முன் ஓரத்தை மூக்கு என்று வைத்துக்கொள்வோம். அது கொஞ்சம் தூக்கி இருந்தாலே போதும், தட்டு ஏறும், ஏறும், மட்டை உயரத்தில் களைத்து நிற்கும், இடப்பக்கம் சரிந்து விழும். பார்க்க அழகாக இருக்கும். ஏழாவது மரத்தைத் தாண்டாது. டிரைவரும் மூக்கு தூக்கினால் இப்படித்தான் விழும். ஆனால் அதில் இடச்சாய்வு எப்படியும் இருப்பதால் குற்றவாளி யார் என்று தெரியாது. புட்டரில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மூக்கை எப்படி இறக்குவது? தட்டையே கீழே பார்த்துச் சாய்த்தால் போதும் என்று நினைத்து, தரையில் குத்தினேன். வேண்டியது மணிக்கட்டில் ஒரு சின்ன இறக்கம். அது எனக்குப் பிடிபட்டது ஒரு கல்யாணப் பந்தியில். மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று என் கையில் தண்ணீர் ஜக்கைக் கொடுத்துவிட்டார்கள். ஜக்கின் பிடியைப் பிடித்து, கட்டைவிரல் மேலே இருக்க, அடுத்தவர் டம்ளரைப் பார்த்துச் சாய்க்கிறோமே, அப்போது முழங்கை அசைவதில்லை, தோள் அசைவதில்லை. மணிக்கட்டு மட்டும் சுண்டுவிரல் பக்கமாக இறங்குகிறது. நாலாவது இலைக்கு வந்தபோது விஷயம் பொறி தட்டியது. டம்ளர் நிரம்பி வழிந்ததையும் பார்க்காமல் நின்றேன். இலைக்கு முன்னால் இருந்தவர், "தம்பி, போதும், ரசத்துக்கு எடம் வேணும்" என்றார்.

மறுநாள் காலை அந்த ஜக்கு மணிக்கட்டோடு வீசினேன். தட்டு என் நெஞ்சு உயரத்திலேயே கிளம்பி, அதே உயரத்திலேயே போய், எட்டாவது மரத்தடியில் இறங்கியது. வீசும் நேரத்தில் மணிக்கட்டை இறக்க முயலாதீர்கள், முடியாது. பிடிக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டு, அப்படியே வீச வேண்டும்.

இனி கால். இதில் என் குரு ஒரு வலைக்காரர். பக்கத்துத் தெரு அண்ணன், சாயங்காலமானால் வீச்சு வலையோடு ஆற்றுக்கு வருவார். நான் தட்டு வீசுவதை நாலைந்து நாள் பார்த்துவிட்டு, "குடு தம்பி, நானும் ஒண்ணு போடுறேன்" என்றார். கட்டைவிரலைத் தட்டின் நட்டநடுவில் வைத்துச் சோற்றுத் தட்டு மாதிரி பிடித்தார். சொல்லியும் கேட்கவில்லை. தட்டு செங்குத்தாக ஏறி அவர் தலைக்கு மேலேயே திரும்பிவந்தது. இருவருமே ஓடினோம்.

ஆனால் அவர் காலை நான் பார்த்தேன். பின்காலில் பாரத்தை வாங்கி, முன்காலை ஊன்றி, இடுப்பு திறந்த பிறகுதான் கை வந்தது. எனக்கு இந்த வரிசை தலைகீழ். கை முதலில் போய்விடும், கால் பின்னாலேயே ஓடிவரும். வலையை வீசிக் காட்டச் சொன்னேன். ஈயக்குண்டுகள் தண்ணீரில் வட்டமாக, ஒரே நேரத்தில், மழைத்தூறல் மாதிரி விழுந்தன.

"கை கடைசியாத்தான் வரணும் தம்பி. கை முந்திக்கிட்டா வலை விரியாது. கயிறு மாதிரி போயி விழும்."

தட்டுக்கும் இதுதான். கை முந்தினால் தட்டு தள்ளாடும். விரல் ஒரு தளத்தில் இழுக்க, தட்டு வேறு தளத்தில் இருக்க, கிளம்பும்போதே உதறல். டிரைவரின் உதறல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வேகம் மறைத்துவிடும். புட்டர் கல்யாண வீட்டு அப்பளத் தட்டு மாதிரி ஆடிக்கொண்டு போவது பத்து மரம் தள்ளி நிற்பவனுக்கும் தெரியும். தள்ளாடும் புட்டர் வலப்பக்கம் கவிழும். மறுபடி வாழை.

ஆகவே ஓட்டத்தை விட்டேன். ஒரு மாசம் நின்ற இடத்திலிருந்தே வீசினேன். தோள் திரும்பி முதுகு இலக்கைப் பார்க்க வேண்டும். பின்னால் நீட்டிய கை, தட்டை மார்பை ஒட்டி, ஒரே உயரத்தில் கொண்டுவர வேண்டும். முழங்கை முன்னே போய், அப்புறம் முன்கை திறந்து, கடைசியில் மணிக்கட்டு. மேல்கையை விலாவோடு ஒட்டிவிட்டால் தட்டு வயிற்றைச் சுற்றி வரும், நேர்கோடு போய்விடும். முழு பலம் வேண்டாம், முக்கால் போதும். புட்டருக்கு வெறி பிடிக்காது. அடித்து வீசினால் கவிழ்கிறது, இழுத்து வீசினால் மிதக்கிறது.

அப்புறம் ஓரடி, அப்புறம் மூன்றடி: வலது, அதன் பின்னால் குறுக்கே இடது, பிறகு ஊன்றும் வலது. பங்குனிக்குப் பிறகு, உளுந்து எடுத்த வயலில் தூரம் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுப் போனேன். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஊன்றிய குதிகால் வெடிப்பில் இறங்க, உடம்பு திரும்ப, கணுக்கால் திரும்ப மறுத்தது. பத்து நாள் மஞ்சள் பற்று. இப்போது ஓடி வீசுவதெல்லாம் நெல் களத்தின் சிமெண்டுத் தரையில் மட்டும். அதுவும் யாரும் நெல் காயப்போடாத நாளில்.

இப்போது ஆடி. மேலக்காற்று. அம்மியே பறக்கும் என்கிற மாசத்தில் 174 கிராம் தட்டு என்ன செய்யும்? (விட்டத்தில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது ஆட்ட விதி. 21 செ.மீ. விட்டம் என்றால் உச்சம் அவ்வளவுதான்.) எதிர்க்காற்றில் வீசினால், தட்டுக்குத் தான் மிக வேகமாகப் போவதாக நினைப்பு வந்துவிடும், வலப்பக்கம் கவிழும். அதற்கு வெளி ஓரத்தை இறக்கிப் பிடித்து வீச வேண்டும். ஹைசர் என்பார்கள். கிளம்பும்போது இடப்பக்கம் சாய்ந்திருக்கும், காற்று அதை மெல்ல நிமிர்த்தும், நிமிர்ந்தபடி போகும். நன்றாக அமைந்தால் அந்த நிமிர்வைப் பார்ப்பதற்காகவே வீசலாம். பின்காற்றில் நேர்மாறு, மிதப்பு இல்லாமல் சீக்கிரம் விழும், இடம் சாயும். என் சந்து கிழக்கு மேற்காக ஓடுவதால் இரண்டும் தினமும் கிடைக்கிறது. காற்று நன்றாகப் பிடித்துவிட்டால் புட்டரால் பயனில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கெல்லாம் டிரைவர்தான். அதனால் காற்று எழுவதற்கு முன், விடிகாலையில் போய்விடுகிறேன். அந்த நேரத்தில் புல் ஈரம், விரல் வழுக்கும். தோளில் துண்டு இல்லாமல் போவதில்லை.

கூடை ஒன்று செய்துபார்த்த கதையும் இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் சைக்கிள் ரிம், மாட்டுச் சங்கிலி. சங்கிலி கனம் அதிகமாகி, பட்ட தட்டெல்லாம் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பிவந்தது. இப்போது அதில் சித்தி பாகற்கொடி ஏற்றியிருக்கிறார்.

போன மாசம் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பன், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு ஒரு டிரைவர் கொண்டுவந்தான். அதே தோப்பில், அதே சந்தில், புதுப் பிடியோடு வீசிப் பார்த்தேன். பதினோராவது மரம் தாண்டி நேராகப் போய், கடைசியில்தான் இடப்பக்கம் சாய்ந்தது. ஓரத்தைத் தூக்கவில்லை, வலப்பக்கம் குறி வைக்கவும் இல்லை. இரண்டு முறை வீசினேன். பிறகு உறையில் போட்டு வைத்துவிட்டேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கு வம்பு?

பத்தாவது தென்னை போன செவ்வாய்க்கிழமை காலை. காற்று எழவில்லை. தட்டைத் தலை புட்டர். நின்ற இடத்திலிருந்து ஓரடி மட்டும். கையை விட்டுப் போனதே தெரியவில்லை, ஆட்டமும் இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று மரங்களைத் தாண்டிப் போய், பத்தாவதன் அடிமரத்தில் "டொக்" என்று பட்டு விழுந்தது. வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார். தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்து மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"அதுல காய் முத்திக் கெடக்கு. அடியில போயி நிக்காத."

சுற்றிப்போய் எடுத்துக்கொண்டேன்.